அறிக்கையில் இரும்பு ‘போதுமானது’, துளிரோ மஞ்சள்: எலுமிச்சைத் தோப்பில் எங்கே பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது. சங்கரன்கோவில் பக்கம் மூன்று ஏக்கர் எலுமிச்சை, மரங்களுக்கு எட்டு வயது, வட்டப்பாத்தியில் போர்வெல் தண்ணீர். இரண்டு வருஷமாகத் துளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிர் மஞ்சளாகவும் வருகின்றன, காயும் சிறுத்துவிட்டது. மண் பரிசோதனை அறிக்கையில் பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மை அளவு) 8.3, மணிச்சத்து எக்டேருக்கு 54 கிலோ, துத்தநாகம் 0.9 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), இரும்பு 4.9 பிபிஎம். இரும்புக்கு எதிரே ‘போதுமானது’ என்று எழுதியிருக்கிறது. நுண்ணூட்டக் கலவையை இரண்டு முறை மண்ணில் போட்டும் மாற்றமில்லை. மண்ணில் சத்து இருக்கிறது என்றால் மரம் ஏன் எடுக்கவில்லை, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

சரி. முதலில் உங்கள் அறிக்கையிலுள்ள அந்த ஒரு சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டு மண்ணுக்கு இரும்பின் எல்லை அளவு, அதாவது அதற்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று கொள்ளும் அளவு, இரண்டு உண்டு. சுண்ணாம்பு இல்லாத மண்ணுக்கு 3.7 பிபிஎம், சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3 பிபிஎம். உங்கள் 4.9 முதல் அளவுக்கு மேலே இருக்கிறது, இரண்டாவதற்குக் கீழே இருக்கிறது. உங்கள் மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு என்று அறிக்கையில் எங்கும் இல்லை. அதனால் யாரோ முதல் அளவை வைத்து ‘போதுமானது’ என்று போட்டிருக்க வாய்ப்பு அதிகம். எண்ணில் பிழையில்லை, ஒப்பிட்ட அளவுகோல்தான் உங்கள் மண்ணுக்கானது இல்லை.

ஆனால் இதோடு விஷயம் முடிந்தது என்று இரும்பு மூட்டை வாங்கப் போய்விடாதீர்கள். இரும்பு உங்கள் நிலத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்துக்கு மண்ணை எடைபோட்டால் ஏறத்தாழ ஒன்பது லட்சம் கிலோ வரும். அதில் இரும்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான் என்று வைத்தாலும் பதினெட்டாயிரம் கிலோ ஆகிறது. ஒரு எலுமிச்சை மரத்துக்கு வருஷத்துக்குத் தேவைப்படுவதோ கிராம் கணக்கு. அப்படியானால் பற்றாக்குறை மண்ணில் இல்லை, மண்ணுக்கும் வேருக்கும் நடுவே இருக்கிறது. ஆய்வகத்துக்குப் போகும் அரைக் கிலோ மண்ணில் இந்த நடுப்பகுதி இருக்காது. தோப்பில் குழி வெட்டித்தான் அதைப் பார்க்க முடியும்.

எலுமிச்சை வேர் இரும்பை எடுக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் மற்றது எல்லாம் புரியும். இளம் வேர் நுனி தன்னைச் சுற்றிக் கொஞ்சம் அமிலம் விடும். அந்த அமிலத்தில் கரைந்த இரும்பை வேரின் மேற்பரப்பிலேயே வேறு வடிவத்துக்கு, ஃபெரிக்கிலிருந்து ஃபெரஸுக்கு, மாற்றி உள்ளே இழுக்கும். இந்த வேலையைச் செய்வது பழுத்த, பழுப்பேறிய வேர் இல்லை. புதிதாக வளரும் வெள்ளை நுனிதான் செய்யும். நுனி வளர மண்ணுக்குள் காற்று வேண்டும். மண்நீரில் பைகார்பனேட் என்ற, அமிலத்தை முறிக்கும் உப்பு அதிகமாக இருந்தால் வேர் விடும் அமிலம் வெளியே வந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும். பி.எச். ஒரு அலகு ஏறினால் மண்நீரில் ஃபெரிக் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகவும், துத்தநாகம் நூறில் ஒரு பங்காகவும் குறையும். நீங்கள் போட்ட நுண்ணூட்டக் கலவையில் இருந்த இரும்பும் இப்படித்தான் போயிருக்கும். பாத்தியில் தண்ணீர் பாய்ந்த சில நாளில் கரையாத துருவாக மாறி, மண்ணோடு மண்ணாகிவிட்டது.

இப்போது என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். முதல் வேலைக்குச் செலவே இல்லை. தோப்பைச் சுற்றி வந்து, நன்றாகப் பச்சையாக இருக்கும் மூன்று மரங்களையும் மோசமாக மஞ்சளாக இருக்கும் மூன்று மரங்களையும் தேர்ந்தெடுங்கள். வயது, நட்ட ரகம், பராமரிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். தூரில் பெயின்ட்டால் குறி வையுங்கள். இனி மண் எடுத்தாலும் இலை எடுத்தாலும் குழி வெட்டினாலும் இந்த இரண்டு கூட்டத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்று ஏக்கர் மண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து நடுவான ஓர் எண் வரும். அந்த எண்ணுக்குச் சொந்தமான மரம் தோப்பில் ஒன்றுகூட இருக்காது. புத்தகத்தில் உள்ள அளவுகோலைவிட, பக்கத்தில் நிற்கும் நல்ல மரம்தான் உங்கள் தோப்புக்கு நம்பகமான அளவுகோல்.

அப்புறம் குழி. மஞ்சள் மரம் ஒன்று, பச்சை மரம் ஒன்று, இரண்டிலும் வெட்டுங்கள். தூருக்குப் பக்கத்தில் வேண்டாம். கிளை விரிப்பின் ஓரத்துக்குச் சற்று உள்ளே, மூன்றடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி ஆழம் போதும். மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டி அன்று மாலையே மூடிவிட்டால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் பாய்ச்சி மூன்று நாள் கழித்து வெட்டுவது நல்லது, ஈரம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

வெட்டும்போதே கையில் விஷயம் தெரியும். மண்வெட்டி சுலபமாக இறங்கி, முக்கால் அடியில் திடீரென்று ‘டங்’ என்று நின்றால் அது உழவு இறுக்கம். வரிசைக்கு நடுவே ஒரே ஆழத்தில் வருஷக்கணக்கில் டிராக்டர் ஓட்டினால் கலப்பை படும் ஆழத்துக்குக் கீழே மண் பலகைபோல இறுகிவிடும். வேர் அங்கே வந்து படுக்கையாகத் திரும்பியிருக்கும், சுவரில் கீழே இறங்கும் வேர் ஒன்றையும் காண முடியாது. ஒன்றரை இரண்டடியில் வெள்ளைக் கட்டிகளும் சாம்பல் வெள்ளைப் பொடியும் வந்தால் அது சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கட்டி மண். செவலுக்கும் கரிசலுக்கும் அடியில் சுக்கான் படுத்திருக்கும் நிலங்களை உங்கள் வட்டாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மேல்மண் செம்மண்ணாகத் தெரிவதால் ‘நம் நிலத்தில் சுண்ணாம்பு இல்லை’ என்று உரிமையாளர் உறுதியாகச் சொல்வார், கீழே பார்த்தால் வெளுத்துக் கிடக்கும்.

சுண்ணாம்பைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒவ்வோர் அரை அடியிலும் கொஞ்சம் மண் எடுத்து, உலர்த்திப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். அமிலத்தை நீர்க்க வைக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. அமிலம் கிடைக்காவிட்டால் உங்கள் தோப்பு எலுமிச்சையின் சாற்றையே பிழிந்து பாருங்கள். சுண்ணாம்பு நிறைய இருந்தால் அதிலேயே நுரைக்கும், காதுக்குப் பக்கத்தில் வைத்தால் சிறு சத்தமும் கேட்கும். எந்த ஆழத்தில் பொங்கத் தொடங்குகிறது, பச்சை மரத்தின் குழியில் எங்கே, மஞ்சள் மரத்தின் குழியில் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டரை அடிக்குக் கீழேயும் மற்றதில் ஓர் அடியிலேயும் பொங்கினால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

குழியின் சுவரில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணில் மழை பெய்ததும் வரும் வாசனை இருக்கும். சாக்கடை நாற்றமோ புளித்த நாற்றமோ வந்தால், சாம்பல் நீல நிறத் திட்டுகள் தெரிந்தால், அங்கே தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் கிடக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இதுதான் பெரிய கேடு. வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு ஈரமான மண்ணிலிருந்து வெளியேற முடியாமல் சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. அதாவது மஞ்சளாகிறது என்று தண்ணீரைக் கூட்டினால் மஞ்சள் இன்னும் கூடும். மழைக்காலத்தில் தோப்பு மஞ்சளேறி, கோடையில் கொஞ்சம் தெளிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. நீங்கள் எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதைத்தான் முதலில் பிடித்திருப்பேன்.

இனி வேர். இதை அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள். ஒரு பிடி சல்லிவேரை மண்ணோடு எடுத்து வாளித் தண்ணீரில் அலசுங்கள். நல்ல வேர் வெளிர் மஞ்சளாக, நுனி வெள்ளையாக, ஒடித்தால் சட்டென்று ஒடியும். விரல்களுக்கு நடுவே வைத்து இழுக்கும்போது மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது பைட்டோப்தோரா என்ற கிருமியால் வரும் வேரழுகல். எத்தனை முறை அலசினாலும் மண் துகள் ஒட்டிக்கொண்டு, வேர் அழுக்காகவே, சற்றுத் தடித்துத் தெரிந்தால் எலுமிச்சை நூற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். பெண் புழு முட்டைகளைப் பசை போன்ற பொருளில் இடும், மண் அதில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டில் எது இருந்தாலும் மரம் பார்வைக்குச் சத்துக்குறைபாடு போலத்தான் காட்டும். வாய் புண்ணாகிவிட்ட பிள்ளைக்கு இலையில் சோறு கூடுதலாக வைத்துப் பயனில்லை அல்லவா? அப்படியான தோப்பில் உரத்துக்குச் செலவழிக்கும் பணம் அத்தனையும் வீண். வேரையும் வேரடி மண்ணையும் ஈரம் காயாமல் பாலித்தீன் பையில் போட்டு நூற்புழுச் சோதனைக்குக் கொடுங்கள். வன்னிக்கோனேந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே கேட்டால் வழி காட்டுவார்கள்.

வெள்ளை நுனி எந்த ஆழத்தில் அதிகம் என்பதையும் பாருங்கள். எலுமிச்சையின் சத்து எடுக்கும் வேரில் பெரும்பங்கு மேல் ஒன்றரை, இரண்டு அடிக்குள் இருக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. நைட்ரேட் போன்ற சத்து தண்ணீரோடு பயணம் செய்து வேரைத் தேடி வரும். மணிச்சத்தும் துத்தநாகமும் அப்படி வராது. அவை மண்ணில் மில்லிமீட்டர் கணக்கில்தான் நகரும், வேர்தான் அவற்றிடம் போக வேண்டும். எலுமிச்சை இனத்துக்கு வேர்த்தூவிகளும் குறைவு. அந்தக் குறையை வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சை நிரப்புகிறது. அமெரிக்காவில் நாற்றங்கால் மண்ணில் நச்சு வாயு செலுத்திச் சுத்தப்படுத்திய பிறகு எலுமிச்சை இன நாற்றுகள் வளராமல் குட்டையாக நின்றன. மண்ணில் இருந்த இந்தப் பூஞ்சை அழிந்ததுதான் காரணம் என்று 1972-ல் வெளியான ஆய்வு காட்டியது. மணிச்சத்து மிகுந்த மண்ணில் இந்தப் பூஞ்சை வேரில் சரியாகக் குடியேறாது. இதை நினைவில் வையுங்கள், உங்கள் 54 கிலோவுக்குத் திரும்ப வருகிறேன்.

மண் மாதிரி எடுப்பதில் கிட்டத்தட்ட எல்லாத் தோப்புக்காரர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள், நெல் வயலுக்கு எடுப்பதுபோல அரை அடி ஆழத்தில் எடுத்துவிடுகிறார்கள். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் மாதிரியும் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கானது, அதுவும் பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒன்று. பயிர் நிலத்துக்கு அது உதவும். மூன்றடி வேர் விடும் மரத்துக்குப் போதாது. தோப்பில் 0-30, 30-60, 60-90 சென்டிமீட்டர் என்று மூன்று அடுக்கும் தனித்தனிப் பையில் போக வேண்டும். எடுக்கும் இடம் கிளை விரிப்பின் ஓரத்துக்கு உள்ளே, நீங்கள் உரம் வைக்கும் வளையத்தில். உரம் வைத்து இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நுண்ணூட்டம் பார்க்கப் போவதால் துருப்பிடித்த மண்வெட்டியும் தகர வாளியும் வேண்டாம், தகரத்தின் மேல் பூச்சே துத்தநாகம்தான். மண்வெட்டியால் வெட்டினாலும் அது பட்ட முகத்தை மரக்குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு உள்மண்ணை எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, நிழலில் உலர்த்தி, கால்பகுப்பு முறையில் (நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்து) அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்புங்கள். கொடுக்கும்போது ‘சுண்ணாம்பு அளவும் வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் பார்க்க மாட்டார்கள்.

அறிக்கை வந்ததும் பலரும் பி.எச். எண்ணைப் பார்த்துவிட்டு ஜிப்சம் போடலாமா என்று கேட்பார்கள். ஜிப்சம் களர் மண்ணுக்கான மருந்து. சோடியம் மிகுந்து, பி.எச். 8.5-க்கு மேலே போன மண்ணில் அது வேலை செய்யும். சுண்ணாம்பு மண்ணில் சுண்ணாம்பைக் குறைக்க அதனால் ஆகாது. உங்கள் மண் களரா இல்லையா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண், மீதி மழைத்தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாக, டீ மாதிரி நின்றால் சோடியம் இருக்கிறது. தெளிந்துவிட்டால் பெரும்பாலும் இல்லை.

கந்தகம் போட்டுச் சுண்ணாம்பைக் கரைக்கலாமா என்பது அடுத்த கேள்வியாக வரும். கணக்குப் பார்த்துவிடுவோம். ஒன்பது லட்சம் கிலோ மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்றாலே ஒன்பதாயிரம் கிலோ. அதை முறிக்க ஏறத்தாழ மூன்று டன் கந்தகம் வேண்டும், அதுவும் ஒரு ஏக்கரில் மேல் அரை அடிக்கு மட்டும். சுண்ணாம்பு ஐந்து பங்கு இருந்தால் ஏறத்தாழ பதினான்கரை டன் ஆகும். அதனால் நிலத்தை மாற்றும் ஆசையை விட்டுவிட வேண்டும். ஒரு மரத்துக்கு நான்கு இடத்தில் சிறு குழி, அதில் மக்கிய தொழுவுரத்தோடு கொஞ்சம் கந்தகம் கலந்து வைத்தால் அந்தச் சிறு இடத்தில் மட்டும் பி.எச். இறங்கும். வேர் அங்கே தேடிப்போய்க் குடியேறும். மரம் முழுக்கப் பச்சையாக அதன் வேரில் ஒரு பகுதிக்கு நல்ல இடம் கிடைத்தாலே போதும்.

மணிச்சத்துக்கு வருவோம். எக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டினாலே அதிகம் என்று கணக்கு, உங்களிடம் 54. இது பெரும்பாலும் வருஷா வருஷம் போட்ட டிஏபி என்ற மணிச்சத்து உரமும் கோழி எருவும் சேர்த்து வைத்த சேமிப்பாக இருக்கும். மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் உள்ளே போவது குறையும், முன்னே சொன்ன பூஞ்சையும் விலகிவிடும். உங்கள் துத்தநாகம் 0.9, இங்கே எல்லை 1.2. ஆக நீங்கள் டிஏபியை நிறுத்துவதே ஒரு வைத்தியம். எட்டு வயது எலுமிச்சைக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200, சாம்பல் சத்து 300, தொழுவுரம் 30 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. அதில் மணிச்சத்தை அடுத்த இரண்டு வருஷத்துக்கு நீங்கள் தொடவே வேண்டாம்.

போர்வெல் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். மண்ணுக்கு நான்கு முறை கொடுத்தவர்கள்கூடத் தண்ணீரை ஒருமுறையும் பார்த்திருக்க மாட்டார்கள். மண்ணுக்குள் பைகார்பனேட்டை நாமே தினமும் ஊற்றிக்கொண்டிருக்கலாம். அறிக்கையில் ‘எஞ்சிய சோடியம் கார்பனேட்’ என்ற வரியைப் பாருங்கள். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்குவலன்ட்டுக்குக் கீழே இருந்தால் பயமில்லை, 2.5-ஐத் தாண்டினால் பாசனத்துக்கு உகந்ததில்லை. மோட்டார் தொட்டி ஓரத்திலும் சொட்டுநீர்க் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு கட்டுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எலுமிச்சை உப்பையும் தாங்காத மரம், அதனால் தண்ணீரின் உப்பு அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இலைக்கு வரும்போது முதலில் கேட்க வேண்டியது, மஞ்சள் பழைய இலையிலா, துளிரிலா என்பது. மரம் சில சத்துகளைப் பழைய இலையிலிருந்து பிடுங்கித் துளிருக்கு அனுப்பும்: தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம். இவற்றின் குறை பழைய இலையில் தெரியும். மெக்னீசியம் என்றால் இலைக்காம்பை ஒட்டிய பகுதியில் கவிழ்த்த ‘வி’ வடிவத்தில் பச்சை மிஞ்சும். இரும்பும் துத்தநாகமும் எளிதில் நகராது, அவற்றின் குறை துளிரில் தெரியும். உங்களுக்குத் துளிர்தான் மஞ்சள். இலை அளவு குறையாமல், பச்சை வலை விரித்ததுபோல மெல்லிய நரம்புகள்கூடத் தெளிவாகத் தெரிந்தால் இரும்பு. இலை சிறுத்து, குறுகி, கூர்மையாகி, கணு இடைவெளி குறைந்து கொத்தாக நின்று, நரம்புக்கு இடையே அழுத்தமான மஞ்சள் திட்டு இருந்தால் துத்தநாகம். இலை அளவு மாறாமல் நரம்பை ஒட்டி அகலமான பச்சைப் பட்டையும் இடையே மங்கிய வெளிர்பச்சையும் இருந்தால் மாங்கனீசு. சுண்ணாம்பு மண்ணில் மூன்றும் ஒரே கிளையில் கூடிவருவதும் சாதாரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிரீனிங் என்ற பாக்டீரியா நோயும் துத்தநாகக் குறைபோலவே வேஷம் போடும். இலையின் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் திட்டு ஒத்துப்போனால் சத்துக்குறை, இடது பக்கம் ஒரு மாதிரி வலது பக்கம் ஒரு மாதிரி என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் கிரீனிங்கைச் சந்தேகியுங்கள். ஒரு கிளை மட்டும் மஞ்சளாகி மற்றது பச்சையாக நிற்பது, காய் ஒருபக்கம் கோணுவது, விதை சூம்பிப்போவது ஆகியவையும் அதன் அடையாளங்கள். சைலிட் என்ற சிறு பூச்சி பரப்பும் இந்த நோய் 2005-ல் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே ஆரஞ்சுத் தொழிலையே அது சாய்த்துவிட்டது. சந்தேகம் இருந்தால் பிசிஆர் என்ற மரபணுச் சோதனைதான் முடிவு சொல்லும், உரக் கடை சொல்லாது.

இரும்புதானா என்று உறுதிசெய்யச் சுலபமான சோதனை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், இரண்டு சொட்டு ஒட்டுத்திரவம். ஓவிய பிரஷ்ஷால் மஞ்சள் துளிர் பத்தில், ஒவ்வோர் இலையிலும் பாதியில் மட்டும் மாலை நேரத்தில் தடவுங்கள். பத்துப் பதினைந்து நாளில் தடவிய இடம் மட்டும் பச்சையானால் குறை இரும்புதான், ஆய்வக அறிக்கை என்ன சொன்னாலும் சரி. பக்கத்துக் கிளையில் துத்தநாக சல்பேட்டைத் தனியாகத் தெளித்து, அடையாளத்துக்கு நூல் கட்டிவிடுங்கள். அதன் பலன் பழைய இலையில் அவ்வளவாகத் தெரியாது, அடுத்த துளிரின் இலை அளவில் தெரியும்.

ஆய்வகத்தில் இலைச் சோதனை செய்யலாம், ஆனால் இரும்பு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சுண்ணாம்பு மண்ணில் மஞ்சள் இலையின் மொத்த இரும்பு பச்சை இலைக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோகூட இருக்கும். இலைக்குள் வந்த இரும்பு பயன்படாத வடிவத்தில் முடங்கிக் கிடக்கும், இலையும் சிறுத்துவிடுவதால் எடைக்கு எடை அளவு கூடித் தெரியும். போதாததற்கு உங்கள் ஊர்ச் செம்மண் புழுதி வேறு இலையில் படிந்திருக்கும், அதுவே இரும்பு. மற்ற சத்துகளுக்கு இலைச் சோதனை அருமையான வழி. நான்கிலிருந்து ஆறு மாத வயதுள்ள, காய் இல்லாத கிளையின் இலைகளை, தோள் உயரத்தில், நான்கு திசையிலும் எடுக்க வேண்டும், ஒரு மாதிரிக்கு நூறு இலை. எலுமிச்சை வருஷத்தில் பலமுறை துளிர்ப்பதால் இலையின் வயதைப் பார்வையில் சொல்ல முடியாது. துளிர் விரியும்போதே வண்ண நூல் கட்டி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நீர்த்த சோப்புத் தண்ணீர், நீர்த்த அமிலம், காய்ச்சி வடித்த நீர் என்ற வரிசையில் கழுவ வேண்டும். முடியாவிட்டால் பறித்த அன்றே காகிதப் பையில் ஆய்வகத்துக்குக் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். ஆரஞ்சுக்குப் புளோரிடாவில் வைத்திருக்கும் உகந்த அளவு தழைச்சத்து 2.5 முதல் 2.7 சதவீதம், சாம்பல் சத்து 1.2 முதல் 1.7 சதவீதம், துத்தநாகம் 25 முதல் 100 பிபிஎம். எலுமிச்சைக்கு இதை ஒரு திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் பச்சை மரத்தின் எண்ணோடு மஞ்சள் மரத்தின் எண்ணை ஒப்பிடுங்கள். மற்ற மரங்களில் பறிக்கும் உறுப்பே வேறு. திராட்சையில் இலைக்காம்பு, பப்பாளியில் நுனியிலிருந்து ஆறாவது காம்பு, வாழையில் மூன்றாவது விரிந்த இலை. இதில் மாறினால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து ஊகிப்பதென்றால், சுண்ணாம்பால் வரும் இரும்புக் குறையும், டிஏபியால் கூடிய துத்தநாகக் குறையும் சேர்ந்த தோப்பு இது, அடியில் நீர்த்தேக்கமும் இருக்கலாம். குழி வெட்டிப் பார்க்கும் வரை பணம் செலவாகாத மூன்றை இன்றே செய்யலாம். டிஏபியை நிறுத்துங்கள். ஓர் அடி ஆழத்து மண்ணைக் கையில் பிடித்து, உருண்டை உதிரும் அளவுக்கு ஈரம் இறங்கியபின் தண்ணீர் விடுங்கள். தூரைச் சுற்றி மண் அணைத்து, தண்ணீர் தூரில் படாமல் வெளிவளையத்தில் நிற்குமாறு பாத்தியை மாற்றிவிடுங்கள்.

சோதனைத் துளிர் பச்சையானால் அடுத்த துளிருக்கு அதே அன்னபேதிக் கரைசலைத் தெளிக்கலாம். துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், மார்ச், ஜூலை, அக்டோபர் என்று புதுத்துளிர் வரும்போது. மண்ணில் இரும்பு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இடிடிஏ என்ற பொருளோடு பிணைத்த இரும்பு பி.எச். 6.5-க்கு மேல் நிலைக்காது, 8.3-ல் மண்ணில் போட்டால் நீங்கள் முன்பு போட்ட கலவையின் கதிதான். அது இலைக்குத் தெளிக்க உதவும். உங்கள் மண்ணில் தாங்குவது இடிடிஎச்ஏ என்ற பொருளோடு பிணைத்த வகை. விலை அதிகம், அதனால் தோப்பு முழுக்கப் போடாமல், குறி வைத்த மூன்று மஞ்சள் மரத்துக்கு முதலில் கொடுத்து ஒரு துளிர் பாருங்கள்.

வெற்றிடத்துக்கு நடும்போது விதை நாற்றுக்குப் பதில் ரங்பூர் எலுமிச்சை வேர்ச்செடியில் ஒட்டிய கன்று கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், சுண்ணாம்பையும் உப்பையும் அது ஓரளவு தாங்கும். குழி வெட்டிய நாளில் ஒவ்வோர் அரை அடியிலும் மண் பொங்கிய விவரம், வெள்ளை வேர் நின்ற ஆழம், தண்ணீர் அறிக்கை இவை மூன்றையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த மரத்துக்கு எது முதலில் என்று சொல்கிறேன்.